சவுக்கு மகரந்தமும் 2,300 ஆண்டுச் சேறும்: உப்பனாற்றுக் கழியில் ஒரு நிகழ்வு ஆய்வு

62 செ.மீ. ஆழத்துச் சேற்றுக்கு ரேடியோகார்பன் கூடம் (கரிமத்தில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் ஆய்வுக்கூடம்) எழுதி அனுப்பிய வயது 2,300 ஆண்டு. அதே 62 செ.மீ. சேற்றைச் சுத்தம் செய்து நுண்ணோக்கியில் வைத்தால் சவுக்கு மகரந்தம் நிற்கிறது. இந்திய நிலப்பரப்பில் சவுக்கு நடவு 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1868இல் கார்வாரில் போட்ட தோப்புதான் வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்கம். கடலூர்க் கடலோரத்தை இன்று மூடியிருக்கும் சவுக்குத் தோப்புகளில் ஒன்றுகூட அதற்கு முந்தையது அல்ல. இரண்டு சாட்சிகளில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த ஆய்வு.

சுற்றுச்சூழல் தொல்லியலில் முனைவர் பட்டம் செய்யும் ஒரு மாணவியின் வேலையாக இதை வைத்துக்கொள்வோம். வயதுகளும் விழுக்காடுகளும் கணக்கைக் காட்ட நாம் வைத்த மாதிரி எண்கள். பிழைகள் மட்டும் மாதிரி அல்ல. கழிமுகச் சேற்றில் கை வைக்கிற எவருக்கும் நேர்பவை.

கேள்வி எங்கிருந்து வந்தது

கடலூர் முதுநகருக்குத் தெற்கே குடிகாடு–காரைக்காடு பகுதியில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையான ரௌலட்டட் மட்கலங்களும் (உருளையால் புள்ளி வரிசை பதித்தவை) அம்போரா (மது, எண்ணெய் ஏற்றிய சாடி) ஓடுகளும் மணி செய்த தடயங்களும் கிடைத்திருக்கின்றன. வடக்கே இருபது இருபத்தைந்து கிலோமீட்டரில் அரிக்கமேடு. அங்கே 1945இல் வீலர், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று மூன்று சுற்று அகழாய்வு நடந்தது. பண்ருட்டி பக்கம் மருங்கூரில் 2024இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தோண்டியது. ஆக, பானை ஓட்டுக்குப் பஞ்சமில்லை. படகு எங்கே நின்றது, கழி எவ்வளவு ஆழம், கரையில் அலையாத்தி நின்றதா வயல் நின்றதா என்று கேட்டால் ஓடு பதில் சொல்லாது, சேறுதான் சொல்லும்.

காரைக்காட்டை ஒட்டி ஓடும் உப்பனாறு உண்மையில் பரவனாற்றின் கடைப்பகுதி. கடலுக்கு இணையாக வடக்கே ஓடி, முதுநகரில் கெடிலத்தோடு முகத்துவாரத்தில் சேர்கிறது. அலை மெதுவாக ஏறி இறங்கும் இடம் என்பதால் வண்டல் நன்றாகப் படியும். இந்த வழக்கின் வினையும் அந்தப் பரவனாற்றோடுதான் வந்தது.

குழாய் இறக்கியது

மழைக்காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்த வேலை வேண்டாம். வெள்ளம் மேற்சேற்றைக் கிளறிவிடும், படகும் நிற்காது. பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். அலையாத்திக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் பக்கத்தில் இருந்தால் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. இதை முதல் மாதமே எழுதிக் கேட்டுவிட வேண்டும். குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது.

இரண்டு ஃபைபர் படகுகளைப் பலகை போட்டுக் கட்டி மேடை ஆக்கினார்கள். 75 மி.மீ. விட்டமுள்ள 3 மீட்டர் பி.வி.சி. குழாய், ஒரு முனையை அரத்தால் தேய்த்துக் கூராக்கியது. மேல் முனையில் மரக்கட்டை வைத்துச் சுத்தியல் அடி. நிற்கும்வரை இறக்கியபின் குழாயின் மீதி இடத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, முக்காலியில் கட்டிய சங்கிலிக் கப்பியால் மேலே இழுப்பது. தண்ணீர் ஊற்றாமல் மூடினால் உள்ளே காற்று நிற்கும். காற்று விரியும், உறிஞ்சுபிடி தளரும், அடியிலிருந்து அரை மீட்டர் சேறு ஆற்றுக்கே திரும்பிப் போகும். அந்த அரை மீட்டர்தான் நமக்கு வேண்டிய காலமாக இருக்கும்.

இனி முதல் பிழை. குழாய் தரைக்குள் 240 செ.மீ. போயிற்று, வெளியே 60 செ.மீ. நின்றது. உள்ளே நாடாவை விட்டால், குழாயின் வாயிலிருந்து 102 செ.மீ. கீழே சேறு. அப்படியானால் உள்ளிருக்கும் சேறு 198 செ.மீ. மட்டும், 42 செ.மீ. அமுங்கிப் போயிருக்கிறது. 198ஐ 240ஆல் வகுத்தால் 0.825. குழாயில் 62 செ.மீ. என்பது தரையில் ஏறக்குறைய 75 செ.மீ. என்று மாணவி திருத்தினாள். திருத்தியது சரி; ஆனால் எல்லா ஆழமும் ஒரே விகிதத்தில் அமுங்கும் என்று எடுத்தது தவறு. மேலே உள்ள தண்ணீர்ச் சேறு நிறைய அமுங்கும், கீழே இறுகிய களிமண் கொஞ்சமாக அமுங்கும். ஒவ்வொரு 25 செ.மீ. இறங்கும்போதும் நிறுத்தி, உள்ளே ஒரு அளவு, வெளியே ஒரு அளவு எடுத்துக் குறித்திருந்தால் எங்கே அமுங்கியது என்று தெரிந்திருக்கும். பத்து நிமிட வேலை. குழாயை இழுத்தபின் எந்தக் கருவியாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. கீழே எழுதும் ஆழம் எல்லாம் குழாய்க்குள் அளந்த ஆழம்.

கூடத்தில்

குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தொடாமல் நெகிழித் தாளில் சுற்றி 4 டிகிரியில் வைத்தாயிற்று. மறு பாதியில் நிறம், மணல், களி, வேர், சிப்பி என்று குறித்துக்கொண்டு, விளிம்பில் 5 மி.மீ. சுரண்டி எறிந்துவிட்டு நடுவிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். குழாய் இறங்கும்போது மேற்சேற்றை விளிம்போடு இழுத்துக்கொண்டு வரும் என்பதே காரணம்.

கரிமச் சத்துக்கு எரிப்பு முறை, அதாவது சூட்டில் குறையும் எடையை அளப்பது: 105 டிகிரியில் இரவு முழுக்க, பிறகு 550 டிகிரியில் 4 மணி நேரம், சுண்ணத்துக்கு 950 டிகிரியில் 2 மணி நேரம். களிமண்ணின் பிணைநீரும் 550இல் கொஞ்சம் போகும், ஆகவே களி மிகுந்த சேற்றில் எண் கூடக் காட்டும்.

மகரந்தத்துக்கு 2 கன செ.மீ. சேறு. முதலில் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசி உப்பை எடுத்துவிட வேண்டும். அடையாளத்துக்கு லைகோபோடியம் (பூக்காத ஒரு செடி) வித்துகளை எண்ணிக்கை தெரிந்து அடைத்த மாத்திரை 2. மாத்திரைக்கு 10,000 வித்து என்று வைத்துக்கொள்வோம். 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் மாத்திரையையும் சிப்பிச் சுண்ணத்தையும் கரைக்கும். இந்தப் படியை அவசரமாக முடித்தால் மிஞ்சிய கால்சியம் அடுத்து வரும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்து நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடி வில்லை முழுக்க வெண்பொடி ஆகும். பிறகு 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சுடுநீர்த் தொட்டியில் 10 நிமிடம், 150 மைக்ரான் சல்லடை, அதன்பின் மணலைக் கரைக்க ஹைட்ரோஃபுளூரிக். இது கண்ணாடியையே தின்னும். நெகிழிக் குழாயில்தான் செய்ய வேண்டும். தோலில் பட்டால் முதலில் வலிக்காது, எலும்பு வரை போகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் புட்டியைத் திறக்கவே கூடாது. கடைசியில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு 9 பங்கு, அடர் கந்தக அமிலம் 1 பங்கு. அதற்கு முன் உறை அசிட்டிக் அமிலத்தால் அலசித் தண்ணீரை முழுக்க விரட்ட வேண்டும், ஒரு சொட்டு மிஞ்சினாலும் கலவை சீறித் தெறிக்கும்.

ஒரு வில்லையில் மகரந்தம் 312, லைகோபோடியம் 80 என்று எண்ணினால்: 312ஐ 80ஆல் வகுத்து, 20,000ஆல் பெருக்கி, 2ஆல் வகுக்க, ஒரு கன செ.மீ.க்கு 39,000 மகரந்தம். விழுக்காடு மட்டும் பார்த்தால் ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கித்தான் தீரும். அடர்த்தி தெரிந்தால்தான் உண்மையிலேயே குறைந்ததா என்று சொல்லலாம்.

மகரந்தத்தை அடையாளம் காண நூல் படம் போதாது. கடலூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தணிகைமணி வளர்த்த மகரந்த வில்லைத் தொகுப்பு இருக்கிறது. 1986 செப்டம்பரில் கராச்சி விமானக் கடத்தலில் உயிரிழந்த அதே தணிகைமணிதான். அலையாத்தி மகரந்தத்தில் அவர் செய்த வேலை இந்தக் கடலோரத்தில் நுண்ணோக்கி வைக்கும் ஒவ்வொருவருக்கும் அடிப்படை. மூன்று துளையும் 30 மைக்ரான் அளவும் உள்ள அந்த மணி சவுக்கா, வேறு மரமா என்பதை ஒப்பு வில்லையைப் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு செய்தாள். சவுக்குதான்.

அழகான ஒரு தப்புக் கதை

சவுக்கு மகரந்தம் கண்ணில் படுவதற்கு முன்பே ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் எழுதியாகிவிட்டது. முதலில் இரண்டே தேதிகளுக்குத்தான் பணம் இருந்தது. இலை, விதை என்று தேடிப் பொறுக்காமல், இரண்டு ஆழத்திலும் மொத்தச் சேற்றை அப்படியே அனுப்பினாள். வந்த பதில்: 62 செ.மீ.க்கு 2,300 ஆண்டு, 171 செ.மீ.க்கு 2,420 ஆண்டு.

தேதிகள் தலைகீழாகவில்லை; மேலே இளசு, கீழே முதிர்ச்சி. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 109 செ.மீ. சேறு வெறும் 120 ஆண்டுகளில் படிந்திருக்கிறது. ஆகவே காரைக்காட்டில் வணிகம் சூடுபிடிப்பதற்கு முன்பே இந்தக் கழி தூர்ந்துவிட்டது. துறை வேறொரு ஆழமான கால்வாயில் இருந்திருக்க வேண்டும். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பொய்த் தேதி தலைகீழாக வந்தால் உடனே பிடிபடும். வரிசையில் வந்து உட்கார்ந்தால் கதையாகிவிடும். இரண்டு தேதியை வைத்து வேகம் கணக்கிடவே கூடாது என்பது எங்கள் கருத்து. பணமில்லை என்றால் வேகத்தைப் பற்றி எழுதாமல் இருப்பது மேல்.

மூன்று சந்தேகங்கள்

சவுக்கு தெரிந்ததும் வழிகாட்டி கேட்கும் முதல் கேள்வி: மேலிருந்து விழுந்திருக்குமோ? மூன்று வழியில் விழலாம். குழாய் இழுத்து வந்திருக்கலாம். நண்டு வளை வழியாக இறங்கியிருக்கலாம். கூடத்தின் ஜன்னல் வழியாக வந்திருக்கலாம்.

ஜன்னலைச் சோதிப்பது சுலபம். சேறே போடாமல் மாத்திரை மட்டும் போட்ட ஒரு வெற்றுக் குழாயை ஒவ்வொரு தொகுதியோடும் எல்லாப் படிகளிலும் கொண்டுபோக வேண்டும். அதில் 500 லைகோபோடியம் எண்ணும்வரை சவுக்கு ஒன்றுகூட இல்லை. இழுபட்டதா என்று பார்க்க, அதே ஆழத்தில் விளிம்பிலிருந்து ஒரு மாதிரி, நட்டநடுவிலிருந்து ஒரு மாதிரி. விளிம்பில் அதிகமாக இருந்தால் குழாய்தான் குற்றவாளி. இரண்டிலும் சவுக்கு கிட்டத்தட்ட 6%. நண்டு வளை என்றால் பிளந்த முகத்திலேயே வேறு நிறத்தில் செங்குத்துப் பட்டை தெரியும். மேலே 14 செ.மீ.யில் கிடக்கும் மணல் அடுக்கிலிருந்து மணலும் கூடவே விழுந்திருக்கும். இரண்டும் இல்லை.

(அந்த மணல் அடுக்கைப் பார்த்ததும் 2004 டிசம்பர் 26 என்று எழுதத் தோன்றும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும் இதே கரையில்தான் ஏறியது. கண்ணால் பார்த்துப் பெயர் வைக்க வேண்டாம்.)

முடிவாக நம்ப வைத்தது சவுக்கின் போக்கு: மேற்பரப்பில் 20%, 30 செ.மீ.யில் 14%, 62இல் 6%, 80இல் சுழியம். தவறி விழுந்த மகரந்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கும், இப்படிப் படிப்படியாகக் குறையாது. சவுக்கு உண்மை சொல்கிறது. அப்படியானால் கரிமம்?

காந்தமும் கறுப்புப் பொடியும்

பாதுகாத்து வைத்த பாதியிலிருந்து ஒரு தேக்கரண்டி சேற்றைப் பீக்கரில் தண்ணீரில் கலக்கி, நெகிழிப் பையில் சுற்றிய காந்தத்தை உள்ளே விட்டுச் சுழற்றினார்கள். 62 செ.மீ. சேற்றில் பையின் மேல் கருமையாக ஒரு மீசை ஒட்டியது. பையைக் கழற்றி, ஒட்டியதை வில்லையில் வைத்தால், கடுகைச் சுருக்கிப் போட்டது போலப் பளபளக்கும் உருண்டைகள். 171 செ.மீ. சேற்றில் அப்படி ஒன்றும் ஒட்டவில்லை. இவை அனல்மின் நிலையச் சாம்பலின் உருண்டைகள். இவ்வளவு ஒழுங்கான வட்டத்தை அடுப்புச் சாம்பல் தராது.

மகரந்த வில்லையில் இது ஏன் தெரியவில்லை? சாம்பல் உருண்டையில் பெரும்பகுதி கண்ணாடி. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் அதைக் கரைத்துவிட்டது. அமிலத்தில் போடுவதற்கு முன் ஒவ்வொரு ஆழத்திலும் ஊசிமுனைச் சேற்றைத் தண்ணீரில் கரைத்து வில்லையில் தடவிப் பார்ப்பது இரண்டு நிமிடம். அதை விட்டதால்தான் ஆறு மாதம் போனது.

உருண்டைகளுக்குப் பக்கத்திலேயே பழுப்புக் கறுப்புத் துகள்கள். அடுப்புக்கரி ஊசியால் அழுத்தினால் நறுக்கென உடையும், செல்வரிசை கூர்மையாகத் தெரியும். இவை மங்கலாக, ஓரம் பழுப்பாக இருந்தன. சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டதும் கடுந்தேநீர் நிறம் இறங்கியது. பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் 1962 முதல் நிலக்கரி வெட்டுகிறார்கள்; சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் பரவனாற்றுப் படுகைக்குத்தான் வருகிறது. வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் கனமானதைப் பிடித்துக்கொண்டாலும் நுண்துகள் தண்ணீரோடு உப்பனாறு வரை மிதந்துவரத் தடையில்லை.

நிலக்கரியில் ரேடியோகார்பன் சுழியம், அதாவது செத்த கரிமம். சேற்றின் கரிமத்தில் எவ்வளவு கலந்தால் எவ்வளவு வயது கூடும் என்பது 8,033ஐ எஞ்சிய பங்கின் இயல்மடக்கையால் பெருக்கிக் குறி மாற்றினால் கிடைக்கும். 5% கலந்தால் 412 ஆண்டு, 10% கலந்தால் 846, 20% கலந்தால் 1,793, 25% கலந்தால் 2,311. நேற்றுப் படிந்த சேற்றில் கரிமத்தின் கால் பங்கு நிலக்கரியாக இருந்தாலே 2,300 ஆண்டு வந்துவிடுகிறது. சேற்றின் எடையில் கரிமம் 4% என்றால், நூறு கிராமில் ஒரு கிராம் நிலக்கரிக் கரிமம் போதும். சரியாகச் சொன்னால் இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும்: 1950களின் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு வளர்ந்த செடிகளில் ரேடியோகார்பன் இயல்பைவிட அதிகம், அதை ஈடுகட்டவும் நிலக்கரி வேண்டுமே.

தேதிக் கூடத்தின் அமிலம்–காரம்–அமிலம் சுத்திகரிப்பு இதைக் காப்பாற்றாது. காரம் நிலக்கரியின் கரையும் பகுதியைத்தான் எடுக்கும். கரையாதது மாதிரியோடு தங்கிவிடும், அதுவும் செத்த கரிமம்தான்.

மறுபடி தேதி

இந்தமுறை சேற்றை அனுப்பவில்லை. 2 செ.மீ. தடிமனுள்ள துண்டுகளை 250 மைக்ரான் சல்லடையில் மெதுவான நீரில் அலசி, சல்லடையில் நின்றதைத் தட்டில் போட்டு, நிலத்தில் வளர்ந்த, ஓராண்டே வாழ்ந்த பாகத்தை மட்டும் இடுக்கியால் பொறுக்கினாள். 118 செ.மீ.யில் கருகிய நெல் உமி, 6 மி.கி. 171 செ.மீ.யில் ஒரு இலைத்துண்டு. ரேடியோகார்பன் அணுக்களையே எண்ணும் முடுக்கி முறைக்கு ஒரு மி.கி. கரிமம் கையில் நின்றால் போதும். புது தில்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்துக்கு ஆய்வு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். வரிசை நீளம், ஆகவே முதலாண்டே எழுதிப்போட வேண்டும். பொறுக்கியதைக் காகிதத்தில் மடித்து வைக்கக் கூடாது, பஞ்சிலும் வைக்கக் கூடாது, இரண்டும் கரிமம். ஈரத்தோடு அறைச்சூட்டில் விட்டால் பூஞ்சை பிடிக்கும். அதுவும் புதுக் கரிமம்.

சிப்பியை விட்டது சரியான முடிவு. கடல்நீரின் பழைய கரிமத்தைத் திருத்த வழி உண்டு; ஆனால் உப்பனாற்றில் கடல்நீரும் ஆற்றுநீரும் பருவத்துக்கொரு விகிதத்தில் கலப்பதால் எந்தத் திருத்தத்தைப் போடுவது என்பதே தெரியாது.

பதில்: உமி 640 ஆண்டு, இலை 1,850 ஆண்டு. நாட்காட்டி ஆண்டாகத் திருத்திப் பார்த்தால் இலை கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி விழுகிறது. காரைக்காட்டில் மணி கோத்துக்கொண்டிருந்த காலத்தோடு பொருந்துகிற இடம்.

கவனிக்க வேண்டியது: 171 செ.மீ.யில் சேறும் இலையும் ஒரே ஆழம்; சேறு 2,420, இலை 1,850. வித்தியாசம் 570 ஆண்டு. அங்கே சாம்பல் உருண்டையும் இல்லை, நிலக்கரித் துகளும் இல்லை. மேட்டு நிலத்து மண் அரித்து வரும்போது அதிலிருந்த பழைய மட்கும் கூடவே வந்திருக்கிறது. கரிமத்தில் ஏறத்தாழ 7% செத்த கரிமத்துக்குச் சமம். ஆக, மேலே 2,300 ஆண்டுப் பிழை, கீழே 570 ஆண்டுப் பிழை, இரண்டுக்கும் காரணம் வேறு. "மொத்தச் சேற்றில் இவ்வளவு கழித்துவிடலாம்" என்று ஒரே எண்ணை எல்லா ஆழத்துக்கும் போட வழியே இல்லை.

மேல் ஒரு மீட்டருக்கு, சேற்றில் படிந்து காலத்தோடு குறையும் கதிரியக்க ஈயமான ஈயம்-210 அளவீடு. அரை ஆயுள் 22 ஆண்டு சொச்சம், நூற்றைம்பது ஆண்டு வரை பேசும். அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து படிந்த சீசியம்-137இன் 1963 முகடும் உதவலாம். வெப்பமண்டலத்தில் அது குறைவாகவே படிந்ததால் முகடு மங்கலாக வரும், அதை மட்டும் நம்ப வேண்டாம். சாம்பல் உருண்டை முதலில் தோன்றும் ஆழமே இங்கே இலவசக் கடிகாரம்: அதற்கு மேல் கிடப்பது நெய்வேலி அனல்மின் நிலையம் வந்த 1960களிலோ அதற்குப் பிறகோ படிந்தது.

அத்தியாயத்தில் மிஞ்சியது

தூர்ந்த துறையின் கதை போயிற்று. பதிலுக்குக் கிடைத்தது இன்னும் சுவையானது. இலை கிடந்த மட்டத்தில் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் மகரந்தம் 35%, நெல் உமி மட்டத்தில் 12%. உப்புத்தரையில் வளரும் உமிரிக் குடும்பத்து மகரந்தம் அந்த இடத்தைப் பிடிக்கிறது. குடியிருப்பு இருந்தபோது கழியோரத்தில் அலையாத்தி நின்றது. பிறகு உப்புத்தரை விரிந்தது. வெட்டினார்களா, முகத்துவாரம் மணலடித்து அடைத்ததா, ஆற்றுநீர் குறைந்ததா என்று ஒற்றைக் குழாயை வைத்துச் சொல்ல முடியாது. சுரபுன்னை காற்றில் மகரந்தத்தை அள்ளி வீசும், இன்னொரு அலையாத்தி மரமான வெண்கண்டல் கஞ்சத்தனமாகத் தரும். 35% மகரந்தம் என்றால் 35% மரம் அல்ல. ஒப்பிட, பிச்சாவரத்தில் இன்று எந்த மரத்தடியில் எந்த மகரந்தம் எவ்வளவு விழுகிறது என்று பத்துப் பன்னிரண்டு மேற்சேற்று மாதிரி எண்ணியாக வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைத் தந்த தில்லை மரத்தைப் பார்க்கவும் இன்று அங்கேதான் போக வேண்டும்.

நெல்லும் ஒரு எச்சரிக்கை. நெல் மகரந்தத்தைக் காட்டுப்புல் மகரந்தத்திலிருந்து பிரிப்பது கடினம். வயல் இருந்தது என்று எழுத வேண்டுமானால் உமியின் இரட்டைக் கொம்புச் செல்களையும் இலையின் விசிறிவடிவ மணிகளையும் சிலிக்கா எச்சத்தில் (செடிச் செல்களில் படிந்து மண்ணில் மிஞ்சுபவை) தேட வேண்டும். காரைக்காட்டுத் தொல்மேட்டிலிருந்து கிடைத்த கருகிய உமியோடு ஒப்பிடுவது அதைவிட நல்லது. அங்கே அகழும் குழுவிடம் ஒவ்வொரு மண்ணடுக்கிலும் 20 லிட்டர் மண் கேட்டு வாங்கி, கரி மேலே மிதக்கும்படி நீரில் போட வேண்டும். உப்புக் காற்று அடிக்கும் இடம்: மிதந்த கரியைக் கடைசியாக நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசாமல் உலர்த்தினால் உள்ளே உப்பு பூத்துக் கரியைப் பிளக்கும். வெயிலில் அல்ல, நிழலில், துணியில் கட்டித் தொங்கவிட்டு.

இரண்டாவது குழாய்க்கு இடம் மாறியது. பரவனாற்று நீர் ஏறாத பழைய வாய்க்கால் பள்ளம் ஒன்று, காரைக்காட்டு மேட்டுக்கு மேற்கே, இப்போது நாணல் மண்டிக் கிடக்கிறது. அங்கே குழாய் இறக்கும் முன்பே ஒரு பிடி மேற்சேறும், நெகிழிப் பையில் சுற்றிய காந்தமும் போய் வந்துவிட்டன, மீசை ஒட்டவில்லை.